பல் ராவிய பொத்தான்

அந்தக் காவல் படையில் யாரைக் கேட்டாலும் எண்ணெயக்காவைப் பற்றிச் சொல்ல ஒரு வேடிக்கைக் கதை வைத்திருப்பார்கள். துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் அறையில் உட்கார்ந்திருப்பவள் அவள். நகக்கண்ணில் எந்நேரமும் எண்ணெய்க் கறுப்பு இருக்கும், அதனால் அந்தப் பெயர். மேசையிலிருந்து ஸ்பானர் நழுவினால் முதலில் எண்ணெயக்கா குனிவாள், அப்புறம்தான் ஸ்பானர் தரையைத் தொடும் என்பார்கள். துப்பாக்கியோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இத்தனை பயமா என்று சிரிப்பார்கள்.

சிரிப்பவர்களுக்கு என்ன, வலிக்கவா போகிறது? மற்றவர்களுக்குத் துப்பாக்கி என்றால் துப்பாக்கி. அவளுக்கு அது ஊசி, ஸ்பிரிங், கொக்கி, ஆணி எனப் பல துண்டுகள், ஒவ்வொரு துண்டும் எப்படி உடையும் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவள். அரம் பிடிப்பதை அப்பா சொல்லிக் கொடுத்தார். இரும்பு எங்கே விரிசல் விடும் என்பதை அவளே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பேய்க்குப் பயப்படுகிறவர்கள் விளக்கைப் போட்டால் பயம் தெளிந்துவிடும். இவள் விளக்கைப் போட்டுத்தான் பயப்பட்டாள்.

கடவுள் முடிச்சுப் போடும்போது கொஞ்சம் விளையாடுவார் போலிருக்கிறது. அவளுக்கு வாய்த்த கணவன் பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். அதே படையில் கதவை உடைத்து உள்ளே போகும் குழுவில் இருந்தான். எந்தக் கதவாக இருந்தாலும் முதல் கால் அவனுடையது. முன்னேர் என்று அவனுக்குப் பெயர். முன்னேர் போன வழியில்தான் மற்றவர்கள் போவார்கள்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது மக்கர் பண்ணினாலும் ஓர் அறை விடுவான். டிவி கோடு போட்டால் அறை. மிக்ஸி நின்றால் அறை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாய்க்கும் அறை. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பழமொழி வேறு சொல்வான். அவன் கெட்ட நேரமோ அவள் கெட்ட நேரமோ, அறைந்தால் பாதிச் சாமான்கள் ஓடவும் செய்தன.

அந்தக் குழுவினர் வைத்திருந்த ரைஃபிளில் அப்படி அறைவதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. வலது பக்கம், கன்னம் படுகிற இடத்துக்கு முன்னால் இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட் முழுதாகப் போய்ப் பூட்டாமல் மயிரிழையில் நின்றுவிட்டால், அந்தப் பொத்தானை அழுத்தி அதை முன்னே தள்ளலாம். பொத்தானுக்கு உள்ளே சின்னதாக ஒரு பல். அது போல்ட்டின் வரிகளில் மாட்டிக்கொண்டு நெட்டும். பின்னால் நின்று நெட்டிக்கொண்டே இருப்பதால் குழுவில் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டா ஏற்றியதும் எல்லாரும் உள்ளங்கையால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ, தட்டாமல் விட்டால் அவர்களுக்குக் கை ஓடாது.

எண்ணெயக்காவுக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே ஆகாது. "போகாததுக்கு ஒரு காரணம் இருக்குங்க" என்று கணவனிடம் சொல்வாள். "தோட்டா நசுங்கியிருக்கலாம். உள்ள ஏதாவது அடைச்சிருக்கலாம். குத்தி ஏத்தினா இன்னும் இறுகத்தான் செய்யும். கைப்பிடிய இழுத்து அதை வெளிய தள்ளிட்டு, அடுத்ததை விடுங்க. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்னா செஞ்சவன் எதுக்கு மாமியாரை வச்சான்? அழகுக்கா?"

"லேசா அழுக்கு இருந்தா உதவும். எது அழுக்கு, எது அடைப்புன்னு அந்த நேரத்துல உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது" என்பான் அவன். இந்த மனிதனிடம் என்ன பேசுவது?

அப்புறம் மீசைக்கு நடந்தது. மீசை அவர்கள் குழுவில் மூத்தவர். பயிற்சி மைதானத்தில் வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மீசையின் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்காமல் புஸ்ஸென்று போனது. மருந்து குறைந்த தோட்டா. அதன் குண்டு, துப்பாக்கிக் குழாய் தொடங்கும் இடத்திலேயே சிக்கிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கைப்பிடியை இழுத்து விட்டார். அடுத்த தோட்டா பாதியில் நின்றது, நிற்காமல் என்ன செய்யும், வழியில்தான் ஆள் நிற்கிறதே. மீசை மாமியாரை இரண்டு தட்டுத் தட்டினார். அது கட்டாயப்படுத்தி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. விசையை இழுத்தார்.

பிளந்து கிடந்த அந்தத் துப்பாக்கி எண்ணெயக்காவின் மேசைக்குத்தான் வந்தது. அதைத் துடைக்கும்போது துணியில் ஒட்டியது எண்ணெய் மட்டும் இல்லை. மீசையின் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் அவள் கணவன். ஓர் இரும்புச் சில்லு அவன் தொப்பியைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. தொப்பியை எடுத்து அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

அவன் மாறினானா என்றால், அதுதான் இல்லை. "அது தோட்டாவோட கோளாறு. மாமியார் என்ன பண்ணும் பாவம்" என்றான். தட்டக் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார். உத்தரவைப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டிவிட்டுத் திரும்பியவனே தன் துப்பாக்கியை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு போனான்.

பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கணவனின் கை தெரியும். சோறு பிசைகிற கை, மகளுக்கு ஜடை பின்னிவிடுகிற கை. ஒரு நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் துப்பாக்கியைத் துப்புரவு செய்ய எடுத்தவள் அறைக் கதவைச் சாத்தினாள். ஆணியைத் தட்டி எடுத்துப் பொத்தானை உருவினாள். உள்ளே இருந்த பல், குழந்தையின் பால் பல் அளவுதான் இருந்தது. அரத்தை எடுத்து அதை வழவழவென்று ராவினாள். மறுபடி மாட்டி அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் உள்ளே போனது, விட்டால் வெளியே வந்தது, ஸ்பிரிங் பழையபடி விறைப்பாக இருந்தது. ஆனால் போல்ட்டைத் தொடவில்லை.

இனி அவன் எவ்வளவு தட்டினாலும் நெட்டாது. நெட்டாவிட்டால் இழுத்து வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் சரியானதைச் செய்வான். அந்தப் பொத்தானுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று கைப்பிடியைப் பட்டென்று விடாமல் மெதுவாகக் கொண்டுபோய் விட்டால் போல்ட் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும், அப்போது பொத்தானை அழுத்தித்தான் பூட்ட வேண்டும். ஆனால் இந்தக் குழு என்றைக்கு மெதுவாகப் போனது? பூகம்பம் மாதிரிக் கதவை உடைத்துக்கொண்டு கூச்சல் போட்டுப் போகிறவர்கள். அவள் அந்த நினைப்பை ஒதுக்கினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

இப்படியே மாதங்கள் ஓடின. அவன் தட்டிக்கொண்டுதான் இருந்தான், பல் இல்லாத மாமியாரும் சமர்த்தாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் பிற்பகல், மரச்சாமான் கிடங்கு ஒன்றிலிருந்து தகவல் வந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட காவலாளி ஒருவன் வேட்டைத் துப்பாக்கியோடு மாடியில் ஏறிக் கணக்கெழுதும் பெண்கள் இருவரைப் பிடித்து வைத்திருந்தான். பூட்ஸ் சத்தம் கேட்டாலே சுட்டுவிடுவேன் என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். படை கிளம்பும்போது பழுது பார்ப்பவரும் கூடப் போவது வழக்கம். எண்ணெயக்கா தன் கருவிப் பெட்டியோடு தெருமுனையில் வேனில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஓட்டுநர். இருவருக்கும் நடுவில் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. அதிகாரி கிடங்குக்கு எதிரே தையல் கடை ஒன்றில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்.

படி ஏறும்போது யார் துப்பாக்கியிலும் தோட்டா ஏறியிருக்கக் கூடாது என்பது அந்தப் படையின் விதி. முன்பு ஒருவன் இடறி விழுந்து கூரையைச் சுட்டதிலிருந்து அப்படி. கடைசிப் படியில் நின்றுதான் ஏற்றுவார்கள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு ஏறுங்க" என்றது அதிகாரியின் குரல். "மேல அவனுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். கைப்பிடிய விட்டுறாதீங்க, சத்தம் கேக்கும். கையால மெதுவா கொண்டுபோய் விட்டுட்டு, பொத்தானை அழுத்திப் பூட்டுங்க. முன்னேர் முதல்ல. அவனுக்குப் பின்னாடி ஒட்டடை போகட்டும்."

எண்ணெயக்காவின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் விழுந்தது. அவள் குனியவில்லை.

அவன் அழுத்துவான், பொத்தான் உள்ளே போகும். கையுறை போட்ட விரலுக்கு ஒன்றும் தெரியாது. பூட்டிவிட்டது என்று நம்பிக்கொண்டு தடுப்பைத் தள்ளித் திறப்பான். எதிரில் துப்பாக்கியோடு அந்த ஆள். இவன் விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம்தான் வரும். அவ்வளவுதான்.

இறங்கித் தையல் கடைக்கு ஓடலாம் என்று பார்த்தால், தெரு முழுக்க அந்த ஜன்னலின் பார்வையில் இருந்தது. யாராவது ஓடினால் அவன் சுடத் தொடங்கிவிடுவான். மிச்சம் இருந்தது வயர்லெஸ்தான். அதில் பேசினால் எல்லார் காதிலும் மாட்டியிருக்கும் கருவியில் விழும், கணவன் காதிலும்தான். வேலை போகும், வழக்கு வரும், ஊரே காறித் துப்பும். அதெல்லாம்கூடப் போகட்டும். அவனுக்குத் தெரிந்துவிடும். இப்படி நினைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளை நல்லவளாகக் காட்ட வேண்டும் என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை. கட்டிய கணவன் ஒவ்வொரு படியாகச் சாவை நோக்கி ஏறிக்கொண்டிருக்க, அவள் வெட்கத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவர்கள் அப்படித்தான், எந்தப் பயம் பெரியது என்று சட்டென்று பிடிபடாது.

பிறகு மைக்கைப் பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா, நாம பேசக் கூடாது" என்று ஓட்டுநர் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"சார், முன்னேரோட துப்பாக்கி பூட்டாது. பொத்தான் வேலை செய்யாது."

அதிகாரியின் குரல் கரகரத்தது. "என்ன சொல்றீங்க? திரும்பச் சொல்லுங்க."

"உள்ள இருக்கிற பல்லை ராவிட்டேன் சார். நான்தான். அழுத்தினா உள்ள போகும், ஆனா பூட்டாது. அவரை முன்னாடி விடாதீங்க."

ஒரு முறை சொல்வதே பெரும்பாடு, அவள் இரண்டு முறை சொன்னாள். மறுமுனையில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

"முன்னேர் பின்னாடி வா" என்றார் அதிகாரி. "ஒட்டடை முன்னாடி போ. அழுத்தினதும் உள்ள பாத்துக்கோ, பூட்டியிருக்கான்னு."

ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் ஒட்டடை. போன மாதம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. எண்ணெயக்காதான் தொட்டில் கயிற்றின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். தன் வீட்டுச் சாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டோமே என்று நினைத்தாள். முன்பு ஒருவனுக்காகப் பயந்தாள், இப்போது இரண்டு பேருக்காக.

வயர்லெஸ் அடங்கிப்போனது. தையல் கடைக்கு மேலே யாரோ காயப்போட்ட சட்டைகள் ஆடின. ஓட்டுநர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. வேட்டைத் துப்பாக்கியா, ரைஃபிளா? அவளால் சத்தத்தை வைத்தே எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியும். அன்று முடியவில்லை, காதுக்குள் அவள் ரத்தமே இரைந்துகொண்டிருந்தது.

"ஆள் விழுந்துட்டான். உயிர் இருக்கு. பொண்ணுங்க ரெண்டு பேரும் பத்திரம்" என்றது வயர்லெஸ்.

கொஞ்ச நேரத்தில் ஒட்டடை வெறுங்காலோடு வேனுக்கு வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. துப்பாக்கியை அவள் முன்னால் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். "தடுப்பைத் திறந்ததும் என் பக்கம் திரும்பிட்டான்க்கா. துப்பாக்கி என் மூஞ்சிக்கு நேரா. நான் ஒண்ணே ஒண்ணு சுட்டேன், தோள்ல பட்டுச்சு. அதுவும் வராம போயிருந்தா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். யாரிடம் சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டான்.

அவள் கணவனின் துப்பாக்கியை அதிகாரியே ஓர் உறையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டார். மேசைச் சாவியைக் கேட்டார், கொடுத்தாள். நாளைக்கு விசாரணைக்கு வர வேண்டும் என்றார். திட்டவில்லை. "உங்களை நம்பித்தானேம்மா எல்லாரும் கையில வாங்கினாங்க" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் வீட்டுக்கு வந்தார்கள். மகள் இன்னும் டியூஷனிலிருந்து வரவில்லை. அவன் சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏன்?" என்று கேட்டான்.

"மீசையோட கை மாதிரி உங்க கையும் ஆகிடுமோன்னு பயம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"தினமும் சொன்னேங்க. நீங்க சிரிச்சீங்க."

அவன் டம்ளரை விரலால் கொஞ்சம் நகர்த்தினான், குடிக்கவில்லை. அப்புறம் மெதுவாக, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிறவன் போல, கேட்டான்.

"வீட்ல வேற எதையாவது தொட்டிருக்கியா?"

இல்லை என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"பைக்."

"பைக்ல என்ன?"

"ஆக்சிலேட்டர் முழுசா திருகாம ஒரு தடை வச்சிருக்கேன். நீங்க வேகமா போறீங்கன்னு."

வண்டி இழுக்கவில்லை என்று அவன் எத்தனை முறை மெக்கானிக்கிடம் சண்டை போட்டிருப்பான். "போன வாரம் பாலத்துல ஒரு லாரியை முந்தினேன்" என்றான். "எதிர்ல பஸ். நான் முறுக்குறேன், வண்டி நகர மாட்டேங்குது. பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா."

பாலம், லாரி, எதிரே வரும் பஸ், பின்னால் மகள், எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. வண்டி வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று அவள் அணு அணுவாக யோசித்திருக்கிறாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை.

"அப்புறம்?" என்றான்.

"பாப்பா ரூம் தாழ்ப்பாள். அவ உள்ள மாட்டிக்கிட்டாள்னா நாம தள்ளினா திறக்கணும்னு ஸ்குரூவைப் பாதியா வெட்டிட்டேன்."

"யார் தள்ளினாலும் திறக்குமே."

"ஆமா" என்றாள். அவன் சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

"அப்புறம்?"

இன்னும் இருந்தது. சொல்லச் சொல்ல, அவள் நினைத்திருந்ததைவிடப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொன்றையும் அவர்கள் நல்லதுக்காகத்தான் செய்ததாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அதை விட்டுவிட்டு வெறும் சாமான்களின் பெயரை மட்டும் சொன்னாள். அவன் குரல் ஒரு முறைகூட உயரவில்லை. எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் முதல் ஆளாக நின்றவன், நாற்காலியை ஓசையில்லாமல் பின்னுக்கு நகர்த்தி அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.